விண்கற்களும் நிலவுலகின் உட்கூறும்: ஓர் அனுமான முறையின் வரலாறு

முன்னுரை

நிலவுலகின் ஆரம் 6,371 கி.மீ. மனிதர் இதுவரை துளையிட்டு எட்டிய ஆழம் 12 கி.மீ.க்குச் சற்றே மிகுதி. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் எட்டப்பட்ட 12,262 மீட்டரே துளையின் செங்குத்து ஆழத்தில் இன்றும் முதலிடம் வகிக்கிறது. மேலோட்டைத் தாண்டிக் கவசத்தை நேரில் துளைத்தவர் இலர். கருவத்தின் ஒரு துகளேனும் எவர் கைக்கும் வந்ததில்லை. எனினும் கருவத்தின் பெரும்பகுதி இரும்பு என்றும், அதில் நிக்கல் ஏறத்தாழ 5 விழுக்காடு என்றும் பாடநூல்கள் கூறுகின்றன. காணாத பொருளின் வேதியல் கூறு இவ்வளவு நுட்பமாகக் கூறப்படுவது எவ்வாறு? இதற்குரிய விடையின் பெரும்பகுதி வானிலிருந்து வீழ்ந்த கற்களில் அடங்கியுள்ளது.

இந்த அனுமான முறை இரண்டு நூற்றாண்டுகளில் உருப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்கொழிந்த மூலமொழியின் வடிவங்களை அதன் கிளைமொழிகளைக் கொண்டு மீட்டுருவாக்கும் மொழியியலாரின் முறையோடு இதற்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டிலும் மூலம் கிட்டுவதில்லை. அதனோடு உறவுடையன என்று கருதப்படும் சான்றுகளே கிட்டுகின்றன. எனவே, உறவு எத்தகையது என்பதை முடிவு செய்வதே இரண்டிலும் தலையாய சிக்கலாகிறது. இத்துறையின் கலைச்சொற்கள் பல, உறவு தெளிவாவதற்கு முன்பே பிறந்தவை. ஆதலின், அவற்றை மொழிபெயர்ப்போர் கருத வேண்டுவனவும் ஆங்காங்கே சுட்டப்படுகின்றன.

1. வானிலிருந்து வீழ்ந்த கல்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை, வானிலிருந்து கல் விழுகிறது என்பதை ஐரோப்பிய அறிஞருள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஜெர்மானிய இயற்பியலார் கிளாட்னி 1794-இல் வெளியிட்ட சிறுநூல் இந்நிலையை எதிர்த்தது. சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் அருகே கண்டெடுக்கப்பட்டு, பல்லாஸ் என்னும் இயற்கையியலாரால் அறிவுலகிற்கு அறிமுகமான பெரும் இரும்புத் திரளை அவர் எடுத்துக்கொண்டார். அத்தகைய இரும்பு அவ்விடத்தில் தோன்ற வழியில்லை என்றும், அது விண்வெளியிலிருந்து வந்தது என்றும் வாதிட்டார். அவருடைய சான்றுகளுட் பல, மக்கள் நேரில் கண்டு கூறிய செய்திகளின் பதிவுகளே. பாமரர் கூற்று என ஒதுக்கப்பட்டவற்றை அவர் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சான்றாக்கினார்.

வேதியல் சான்று 1802-இல் வந்தது. ஆங்கில வேதியலார் எட்வர்ட் ஹவார்டு, நான்கு இடங்களில் வீழ்ந்த கற்களைப் பகுத்தாய்ந்தார். இத்தாலியின் சியெனா, இங்கிலாந்தின் யார்க்ஷயர், பொகீமியா ஆகியவற்றோடு, 1798 டிசம்பரில் காசி நகரின் அருகே வீழ்ந்த கல்லும் அவற்றுள் ஒன்று. அவருடன் பணியாற்றிய கனிமவியலார் பூர்னோன், கற்களில் உலோகத் துகள், கந்தகம் கலந்த இரும்பு, சிறு உருண்டைகள், மண் போன்ற பிணைப்புப் பொருள் என நான்கு கூறுகளைப் பிரித்துக் காட்டினார். உலோகத் துகள்கள் அனைத்திலும் நிக்கல் இருந்தது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மண்ணில் வீழ்ந்த கற்கள் தம்முள் ஒத்தும், வீழ்ந்த இடத்துப் பாறைகளோடு ஒவ்வாமலும் இருந்தமை, அவற்றின் மூலம் வேறு என்பதை உணர்த்தியது. 1803 ஏப்ரலில் பிரான்சின் லேகிள் என்னும் ஊரில் ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தபோது பியோ என்னும் அறிஞர் நேரில் சென்று ஆய்ந்து அளித்த அறிக்கை, ஐயத்தைப் பெரிதும் போக்கியது.

பூர்னோன் கண்ட உருண்டைகளைக் கொண்டே 1864-இல் பெர்லினைச் சேர்ந்த குஸ்தாவ் ரோஸ் இக்கற்களுக்குக் காண்டிரைட் எனப் பெயரிட்டார். காண்ட்ரோஸ் என்னும் கிரேக்கச் சொல் தானிய மணி, நொய் என்னும் பொருளது. தமிழின் குருணை என்னும் சொல் இதற்கு நெருங்கி நிற்கும். ஆயினும், குருணை உடைபட்டதைக் குறிக்கும். இவ்வுருண்டைகளோ உருகிய துளிகள் இறுகியவை என்பதை 1877-இல் சார்பி என்னும் ஆங்கில அறிஞர் நுண்ணோக்கி வழியே காட்டினார். ரோஸின் பெயர் உருவத்தை மட்டும் சொல்லித் தோற்றத்தைப் பற்றி வாளாவிருந்தது. அதனாலேயே கருத்து மாறியபோதும் சொல் நிலைத்தது எனலாம்.

2. உடைந்த கோள் என்னும் கருதுகோள்

கற்கள் விண்ணிலிருந்து வந்தன என ஏற்றபின், அவற்றுக்கும் நிலவுலகிற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா எழுந்தது. 1798-இல் கேவெண்டிஷ் செய்த சோதனை, உலகின் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு எனக் காட்டியிருந்தது. மேற்பரப்புப் பாறைகளின் அடர்த்தி அதில் ஏறத்தாழ பாதியே. ஆகவே, உள்ளே கனமான பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். விண்கற்களிலோ கல், கல்லும் இரும்பும் கலந்தது, இரும்பு என மூவகை இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு அறிஞர் புவாஸ் இவற்றை அடர்த்தி வரிசையில் அடுக்கி, நடுவில் இரும்பும் வெளியே கல்லும் அமைந்த கோளொன்றைக் கற்பித்தார். அவர் நாட்டவரான டோப்ரே, 1866 முதல் விண்கற்களை உருக்கியும் பாறைகளோடு ஒப்பிட்டும் ஆய்ந்து, விண்கற்களை ஒத்த பொருள்கள் நிலவுலகின் ஆழத்தில் இருக்கும் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

1897-இல் ஜெர்மானிய அறிஞர் வீகெர்ட், உலகிற்கு இரும்புக் கருவமும் அதைச் சூழ்ந்த கற்பகுதியும் உண்டு எனக் கணித்தார். அக்கற்பகுதிக்கு அவர் ஆண்ட மாண்டெல் என்னும் ஜெர்மன் சொல்லின் நேர்ப்பொருள் மேலங்கி. தமிழில் வழங்கும் கவசம் என்னும் சொல் காப்புப் பொருளைத் தருகிறது. மூலச்சொல்லோ போர்த்தியிருத்தலை மட்டுமே குறித்தது.

வீகெர்ட் கணித்ததற்கு நிலநடுக்க அலைகள் உறுதுணையாயின. இந்தியப் புவியியல் அளவைத் துறையில் பணிபுரிந்த ஓல்டாம், 1897 ஜூன் 12-இல் அசாமில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தை விரிவாக ஆய்ந்தவர். அதன் வழியே அலைவகைகளைப் பிரித்தறிந்த அவர், 1906-இல் உலகின் நடுவே அலைகளைத் தாமதப்படுத்தும் கருவம் உண்டு என நிறுவினார். அதன் எல்லை 2,900 கி.மீ. ஆழத்தில் உள்ளது எனக் கூட்டன்பெர்க் சில ஆண்டுகளில் கணித்தார். வெளிக்கருவம் நீர்ம நிலையில் உள்ளதை 1926-இல் ஜெஃப்ரீஸும், அதனுள் மற்றோர் உட்கருவம் இருப்பதை 1936-இல் டென்மார்க் நாட்டு இங்கே லேமனும் காட்டினர்.

ஆனால், அலைகள் அடர்த்தியையும் விறைப்பையும் கூறுமேயன்றித் தனிமங்களைக் கூறா. கருவத்தை இரும்பு என்று சொல்லத் தூண்டியது விண்கல்லே.

3. உலைக்களமும் கோல்ட்ஷ்மிட்டின் சொற்களும்

இரும்பு உள்ளே சென்றதென்றால், பிற தனிமங்களுள் எவை அதனுடன் சென்றன? இவ்வினாவை முறைப்படுத்தியவர் நார்வேயில் வாழ்ந்த விக்டர் கோல்ட்ஷ்மிட். ஜெர்மனியின் மான்ஸ்ஃபெல்ட் பகுதியில் செப்புத் தாதை உருக்கும் உலைகளில் பொருள் மூன்றாகப் பிரிவதை அவர் கருத்திற்கொண்டார். அடியில் உலோகம், அதன்மேல் கந்தகச் சேர்மங்கள் அடங்கிய உருகல், அதற்கும் மேல் கசடு என அவை நின்றன. விண்கற்களிலும் உலோகம், கந்தகச் சேர்மம், சிலிக்கேட் ஆகிய மூன்றும் அருகருகே கிடந்தன. உலையில் ஒரு தனிமம் எப்பகுதியில் சேர்கிறதோ, விண்கல்லிலும் பெரும்பாலும் அதற்கு நிகரான பகுதியிலேயே சேர்ந்திருந்தது.

இதன் அடிப்படையில் 1923-இல் அவர் தனிமங்களை நான்கு குழுக்களாகப் பகுத்தார். சிடரோஃபைல், கால்கோஃபைல், லித்தோஃபைல், அட்மோஃபைல் என்பன அவற்றின் பெயர்கள். நிக்கல், கோபால்ட், பொன், பிளாட்டினம் முதலியன முதற் குழு. செம்பு, ஈயம், துத்தநாகம் முதலியன இரண்டாவது. அலுமினியம், கால்சியம், யுரேனியம் முதலியன மூன்றாவது. நைட்ரஜன் முதலிய வளிகள் நான்காவது.

இப்பெயர்களை மொழிபெயர்ப்பதில் இரு இடர்ப்பாடுகள் உள. சிடரோஸ் என்னும் கிரேக்கச் சொல் இரும்பைக் குறிக்கும். விண்மீனைக் குறிக்கும் சீடஸ் என்னும் இலத்தீன் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருப்பதும், தொல்குடியினர் விண்ணிரும்பைப் பயன்படுத்தியதும் சேர்ந்து, இரண்டையும் ஒரே வேரினவாகக் கருதத் தூண்டும். ஆனால், இவ்வுறவு நிறுவப்பட்டதன்று. ஆதலின், இரும்பு நாட்டத் தனிமங்கள் என்பதே தக்க பெயர். இரண்டாவது இடர் இன்னும் நுட்பமானது. கால்கோஸ் என்பதற்குச் செம்பு, வெண்கலம் எனப் பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் செம்பு நாட்டம் எனக் கூறின் அறிவியற் பிழை நேரும். இக்குழுவின் தனிமங்கள் நாடுவது கந்தகத்தை. செம்பு அக்குழுவின் ஓர் உறுப்பு மட்டுமே. கந்தக நாட்டம் என்று பொருளை நோக்கிப் பெயர்ப்பதே இங்கு மூலத்திற்கு உண்மையாக நிற்கும்.

கோல்ட்ஷ்மிட்டின் உவமை ஓரிடத்தில் அளவு கடந்தது. உலையில் இடைப்பட்ட கந்தக அடுக்கு நிற்பதுபோல், நிலவுலகிலும் கருவத்திற்கும் கற்பகுதிக்கும் இடையே கந்தகமும் ஆக்சைடும் மிக்க தனி அடுக்கு உண்டு என அவர் கருதினார். பின்வந்த நிலநடுக்க ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் அவரது பகுப்பு நிலைத்தது. 1942-இல் நாஜி ஆட்சியின்கீழ்க் கைது செய்யப்பட்டு, நாடுகடத்தலினின்றும் தப்பிச் சுவீடன் சென்ற அவர் 1947-இல் மறைந்தார்.

4. துண்டிலிருந்து மூலப்பொருளுக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அடிப்படைக் கருத்து ஒன்று மாறியது. விண்கற்கள் யாவும் ஒரே கோளின் சிதறல்கள் என்பது கைவிடப்பட்டது. அவை பற்பல சிறுகோள்களிலிருந்து வந்தவை என்பது தெளிவாயிற்று. இரும்பு விண்கற்கள் பல, உருகிப் பிரிந்த சிறுகோள்களின் கருவங்கள். காண்டிரைட்டுகளின் நிலை வேறு. அவை கோளொன்றின் உடலாக உருகிப் பிரியாதவை. 1864-இல் பிரான்சின் ஓர்குவேய் என்னும் ஊரில் வீழ்ந்த கல்லும் அதன் இனத்தனவும், எளிதில் ஆவியாகும் தனிமங்கள் சில நீங்கலாக, ஞாயிற்றின் ஒளிப்பகுப்பு காட்டும் தனிம விகிதங்களோடு ஒத்திருந்தன. 1956-இல் சூஸ், யூரி ஆகியோர் வெளியிட்ட தனிம அளவுப் பட்டியல் இவ்வொப்புமையைப் பெரிதும் பயன்படுத்தியது. இவ்வாறு, விண்கல் உடைந்த கோளின் துண்டு என்னும் நிலையிலிருந்து, கோள்கள் உருவான மூலப்பொருளின் எச்சம் என்னும் நிலையை அடைந்தது.

அதே 1956-இல் கிளேர் பேட்டர்சன் இவ்வுறவுக்கு வலுவான சான்றளித்தார். விண்கற்களின் ஈய ஐசோடோப்புகள் ஒரு நேர்கோட்டில் அமைந்து 455 கோடி ஆண்டு அகவையைக் காட்டின. ஆழ்கடற் படிவுகளிலிருந்து பெறப்பட்ட நிலவுலக ஈயமும் அதே கோட்டை ஒட்டி விழுந்தது. நிலவுலகும் விண்கற்களும் ஒரே காலத்து ஒரே மூலத்தின என்பதற்கு இது அளவீட்டுச் சான்றாயிற்று.

இனி, அனுமானம் செயற்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். காண்டிரைட்டுகளில் இரும்புக்கும் நிக்கலுக்கும் உள்ள நிறை விகிதம் ஏறத்தாழ 17. உலகின் மொத்த நிறையில் இரும்பு ஏறத்தாழ 32 விழுக்காடு எனக் கொண்டால், நிக்கல் 1.8 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். எரிமலைகள் மேலே கொணரும் கவசப் பாறைகளிலோ நிக்கல் 0.2 விழுக்காடே உள்ளது. கவசம் உலகின் நிறையில் மூன்றில் இரு பங்கு. குறைபடும் நிக்கல் எஞ்சிய ஒரு பங்கான கருவத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு கணக்கிடின் கருவத்தில் நிக்கல் 5 விழுக்காடாகிறது. காணாத பொருளைப் பற்றிய கூற்று, காணும் இரண்டு பொருள்களின் வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

கல் நாட்டத் தனிமங்களுள் உயர் வெப்பத்திலும் ஆவியாகாதவை, கருவத்தினுள்ளும் செல்லா, விண்வெளியிலும் இழக்கப்படா. ஆதலால், கால்சியம், அலுமினியம், அருமண் தனிமங்கள் ஆகியவற்றின் விகிதம் காண்டிரைட்டில் உள்ளவாறே உலகிலும் இருக்கும் எனக் கொள்ளப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ரிங்வுட், கவசத்தின் தொடக்கநிலைப் பொருளுக்குப் பைரோலைட் எனப் பெயரிட்டார். பைராக்சின், ஒலிவைன் என்னும் இரு கனிமப் பெயர்களின் கூறுகளை இணைத்து ஆக்கிய சொல் அது. 1995-இல் மெக்டொனோவும் சன்னும் வெளியிட்ட தொகுப்பு இவ்வழியில் பெருவழக்குப் பெற்றது.

எல்லாத் தனிமங்களும் இவ்விதிக்கு அடங்கவில்லை. 1964-இல் வாசர்பர்க்கும் உடனாய்வாளரும், நிலவுலகில் யுரேனியத்தோடு ஒப்பிடப் பொட்டாசியம் காண்டிரைட்டில் உள்ளதைவிட மிகக் குறைவு எனக் காட்டினர். எளிதில் ஆவியாகும் தனிமங்களை உலகு குறைவாகவே பெற்றது என்பது இதன் பொருள். கதிரியக்கத்தால் உலகின் உள்ளே தோன்றும் வெப்பத்தின் கணக்கு இதனால் மாறியது.

5. பர்ச்சின் எச்சரிக்கை

1952-இல் அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் பர்ச், கருவத்தின் அடர்த்தி அதே அழுத்தத்தில் இரும்புக்கு இருக்க வேண்டிய அடர்த்தியினும் குறைவு எனக் காட்டினார். வெளிக்கருவத்திற்கு இக்குறைபாடு ஏறத்தாழ 10 விழுக்காடு வரை மதிப்பிடப்படுகிறது. எனவே, இலேசான தனிமங்கள் இரும்போடு கலந்திருக்க வேண்டும். கந்தகம், சிலிக்கன், ஆக்சிஜன், கரி, ஹைட்ரஜன் ஆகிய ஐந்தும் இதற்கு முன்மொழியப்பட்டுள்ளன; ஒவ்வொன்றின் பங்கு இன்னும் முடிவாகவில்லை.

அக்கட்டுரையில் பர்ச் இணைத்த அடிக்குறிப்பொன்று மொழியாய்வார் கருதத்தக்கது. உலகின் உட்பகுதியைப் பற்றி எழுதும்போது சாதாரணச் சொற்களும் அழுத்தத்தால் வேறு வடிவம் பெறுகின்றன என அவர் நகையாடினார். ஐயமானது உறுதியாகவும், சிறு குறிப்பு மறுக்கவியலாச் சான்றாகவும், இன்னதென்றறியாக் கலவை தூய இரும்பாகவும் மாறுவதைச் சிறு பட்டியலில் காட்டினார். மொழிபெயர்ப்பில் இவ்வழுத்தம் இரட்டிப்பாகும் இயல்புடையது. மூலத்தில் இருக்கக்கூடும் என நிற்பது, பெயர்ப்பில் இருக்கிறது என முடிவதுண்டு. அறிவியல் நூலில் வினைமுற்றின் உறுதிநிலை என்பது நடையழகன்று. அது பொருளின் ஒரு பகுதி.

6. செர்காட்டிக் கல்லும் செவ்வாயும்

1865 ஆகஸ்ட் 25-இல் பீகாரின் கயை வட்டாரத்தில் செர்காட்டி என்னும் ஊரருகே ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள கல்லொன்று வீழ்ந்தது. 1872-இல் வியன்னாவின் செர்மாக் அதனை ஆய்ந்து, அதிலிருந்த கண்ணாடி போன்ற பொருளை மாஸ்கிலினைட் என அழைத்தார். பிரான்சின் சசிஞி, எகிப்தின் நக்லா ஆகிய ஊர்களில் வீழ்ந்த கற்களும் இதனோடு உறவுடையனவாகக் காணப்பட்டன. இவற்றின் அகவை பிற விண்கற்களைவிட மிகக் குறைவு. எனவே, நெடுங்காலம் எரிமலைச் செயற்பாடு நிலைத்த பெரிய கோளே இவற்றின் தாயகம் என ஐயுறப்பட்டது. 1983-இல் போகார்டும் ஜான்சனும், அண்டார்டிகாவில் கிடைத்த இவ்வினக் கல்லொன்றின் கண்ணாடியில் அடைபட்ட வளிகளை அளந்தனர். அவை 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் அளந்த வளியோடு ஒத்தன.

இதன் பயனாய், செவ்வாயின் உட்பகுதியையும் கற்களைக் கொண்டே கணிக்க வழி பிறந்தது. ஜெர்மனியின் டிரைபுஸ், வேங்கே ஆகியோர் 1980களில், செவ்வாயின் கவசத்தில் இரும்பு ஆக்சைடு ஏறத்தாழ 18 விழுக்காடு எனக் கணித்தனர். நிலவுலகின் கவசத்தில் அது 8 விழுக்காடு. 2018-இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் 2022 வரை அக்கோளின் நடுக்கங்களைப் பதிவு செய்தது. 2021-இல் கருவத்தின் ஆரம் ஏறத்தாழ 1,830 கி.மீ. என அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கருவம் அடர்த்தி குன்றியதாகவும், அதில் இலேசான தனிமங்கள், விண்கற்களிலிருந்து எதிர்பார்த்ததைவிட மிகுந்தும் இருக்க வேண்டியதாயிற்று. 2023-இல் இரு ஆய்வுக் குழுக்கள், கருவத்தின் மேல் உருகிய சிலிக்கேட் அடுக்கு ஒன்று இருப்பதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது ஆரம் 1,650 முதல் 1,675 கி.மீ. எனச் சுருங்கியது, முரண்பாடும் பெரிதும் தணிந்தது. வேதியலும் அலையியலும் ஒன்றையொன்று திருத்திய நிகழ்ச்சி இது.

செர்காட்டியின் பெயர் ஆங்கில ஏட்டில் பிழைபட எழுதப்பட்டு, அப்பிழை வடிவத்திலேயே ஷெர்காட்டைட் என ஒரு பாறையினத்தின் உலகப் பெயராயிற்று. செவ்வாயின் பாறைக்கு இந்தியச் சிற்றூரின் பெயர் வழங்குவது குறிப்பிடத்தக்கது.

7. ஒப்புமை தவறிய இடங்கள்

காண்டிரைட் பலவகைப்படும். நிலவுலகு அவற்றுள் எவ்வகையை ஒத்தது? 1973 முதல் கிளேட்டன் செய்த ஆக்சிஜன் ஐசோடோப்பு ஆய்வுகள் விண்கல் இனங்களைப் பிரித்தறியக் கருவியாயின. இவ்வகையில் உலகோடு மிக ஒத்தவை என்ஸ்டடைட் காண்டிரைட்டுகள். ஆனால், அவற்றில் சிலிக்கனோடு ஒப்பிட மக்னீசியம் மிகக் குறைவு. உலகின் கவசத்திலோ அது மிகுதி. ஐசோடோப்பில் ஒத்தது தனிம அளவில் ஒவ்வாது; தனிம அளவில் நெருங்கியது ஐசோடோப்பில் விலகும். உலகை உருவாக்கிய பொருள் இன்று நம் சேகரிப்பில் உள்ள எந்த விண்கல்லாகவும் இராது என 2002-இல் டிரேக், ரைட்டர் ஆகியோர் வாதிட்டனர்.

2005-இல் வேறொரு சிக்கல் தோன்றியது. நியோடிமியம்-142 என்னும் ஐசோடோப்பு, காண்டிரைட்டைவிட உலகின் பாறைகளில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இருபது பங்கு மிகுதி எனப் பாயேவும் கார்ல்சனும் கண்டனர். உலகின் தொடக்கத்திலேயே பிரிந்த பொருள் ஒன்று ஆழத்தில் மறைந்துள்ளது என்பது இதற்குத் தரப்பட்ட விளக்கம். பத்தாண்டுகளுக்கு மேல் இது விவாதிக்கப்பட்டது. 2016-இல் வெளிவந்த ஆய்வுகள், அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி விண்மீன்களில் உருவான தூசு சூரியக் குடும்பத்தில் சமமாகப் பரவாமையால் நேர்ந்தது எனக் காட்டின. மறைந்த பொருளுக்கு அத்தகைய தேவை இல்லாமற் போயிற்று. ஒப்பிடும் அளவுகோலிலேயே இருந்த வேறுபாடு, ஒப்பிடப்பட்ட பொருளின் பண்பாகக் கொள்ளப்பட்டிருந்தது.

முடிவுரை

ஹவார்டு கண்ட நிக்கலில் தொடங்கி இன்சைட் பதிவுகள்வரை, இவ்வரலாற்றில் விண்கல் முறையே அந்நியப் பொருளாகவும், உடைந்த கோளின் துண்டாகவும், மூலப்பொருளின் எச்சமாகவும், இறுதியில் மூலப்பொருளின் உறவினமாகவும் கருதப்பட்டுள்ளது. கருவம் இரும்பாலானது என்பதும், நிக்கலின் அளவும், உலகின் அகவையும் உறுதியான முடிவுகள். இலேசான தனிமங்களின் பங்கும், உலகை ஆக்கிய பொருளின் இனமும் இன்றும் விவாதத்திற்குரியவை.

மீட்டுருவாக்கிய சொல்லின்முன் உடுக்குறி இடும் மரபு மொழியியலில் உண்டு. சான்றில் காணப்பட்டதும் அனுமானிக்கப்பட்டதும் மயங்காமல் காப்பது அக்குறி. கோள்களின் உட்பகுதி பற்றிய எழுத்தில் அத்தகைய குறி இல்லை; வினைமுற்றுகளும் அடைகளுமே அப்பணியைச் செய்கின்றன. எனவே, இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர் கலைச்சொற்களுக்குச் செலுத்தும் கருத்தை, அளக்கப்பட்டது, கணிக்கப்பட்டது, கருதப்படுவது என்னும் வேறுபாட்டிற்கும் செலுத்துதல் இன்றியமையாதது.